எந்த பிளாக்லிஸ்ட் உழைக்குது, எது சும்மா நிக்குது: மெயில் லாக்கை உக்காந்து படிச்சா தெரியும்

ஸ்பாமை நிறுத்த எந்த பிளாக்லிஸ்ட் (ஸ்பாம் அனுப்பற ஐபி அட்ரஸ்களோட பட்டியல்) நல்லதுன்னு நெட்ல தேடினா, ஆளாளுக்கு ஒரு நீளமான வரிசை குடுப்பாங்க, அதை அப்படியே காப்பி பண்ணி சர்வர்ல ஒட்டிடறதுதான் வழக்கம். ஒட்டின மறுநாளே ரிஜெக்ட் எண்ணிக்கை மேல போகும், மெயில்பாக்ஸ் சுத்தமா இருக்கும், எல்லாருக்கும் திருப்தி. ஆனா அந்த ரிஜெக்ட்ல நல்ல மெயில் எவ்வளவு போச்சு, ஒட்டின லிஸ்ட்ல உண்மையா வேலை பாக்குறது எத்தனை, அதுல ஒண்ணு எப்பவோ செத்துப்போச்சா இல்லையா, இதையெல்லாம் யாரும் திரும்பிப் பாக்குறதே இல்ல. இத்தனைக்கும் இதுக்குன்னு தனியா எதுவும் வாங்க வேண்டியதில்ல. சர்வர் ராத்திரி பகலா எழுதித் தள்ளிக்கிட்டிருக்கற லாக்லயே எல்லாம் இருக்கு, எடுத்து எண்ணனும், அவ்வளவுதான். இந்த எண்ற வேலைய சரியா செய்யறது எப்படிங்கறதைத்தான் எழுதறேன், ஏன்னா தப்பா எண்ணினா லாக்கே நம்மள ஏமாத்தும்.

நான் குன்னூர்ல இருந்துக்கிட்டு சில டீ ஃபேக்டரி, ஒரு ஸ்கூல், கோத்தகிரி பக்கம் ரெண்டு மூணு ஹோம்ஸ்டே, இவங்களோட மெயிலைப் பாத்துக்கறேன். சர்வர் இங்க இல்ல, மும்பைல ஒரு டேட்டா சென்டர்ல ஓடுது, ஐப்பசி கார்த்திகைல இங்க மரம் சாஞ்சு கரண்ட் போனா எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்கறதால அதுதான் சரி. பெரிய கம்பெனிகளுக்கு மெயில் பாக்கறவங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அவங்களுக்கு லட்சம் மெயில்ல ரெண்டு தவறினா அது ஒரு சதவீதக் கணக்கு. எனக்கு அப்படி இல்ல. வாராவாரம் குன்னூர்ல தேயிலை ஏலம் நடக்குது, அதுக்கு முன்னாடி சேம்பிள் விவரம், லாட் விவரம், முடிஞ்சதும் வாங்கினவர் எங்க லோடு அனுப்பணும்னு சொல்ற மெயில்னு ஒரு ஃபேக்டரிக்கு வர்ற முக்கியமான மெயில் எண்ணிப் பாத்தா கொஞ்சம்தான், அதுல ஒண்ணு வராமப் போனா லாரி நிக்கும். ஏப்ரல் மே சீசன்ல ஹோம்ஸ்டேக்காரங்களுக்கும் இதே கதைதான், புக்கிங் மெயிலுக்கு அன்னிக்கே பதில் போகலன்னா அந்த ஃபேமிலி ஊட்டில வேற இடம் பாத்துடுவாங்க. அதனால என் பார்வைல பிளாக்லிஸ்ட்டோட மதிப்பு எத்தனை ஸ்பாமைப் பிடிச்சதுங்கறதுல மட்டும் இல்ல, வேற எந்த லிஸ்டும் பிடிக்காததை அது எவ்வளவு பிடிச்சது, அப்புறம் நமக்கு வேண்டியவங்கள எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிச்சது, இந்த ரெண்டுலதான் இருக்கு.

பிளாக்லிஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடறேன். 1997ல பால் விக்ஸியும் டேவ் ராண்டும் ஆரம்பிச்சு வச்ச யோசனை இது, இன்னிக்கும் பெருசா மாறல. நம்ம சர்வர் கதவைத் தட்டற ஐபி 203.0.113.45ன்னு வைங்க, அதைத் திருப்பிப் போட்டு 45.113.0.203ன்னு ஆக்கி, பின்னாடி லிஸ்ட்டோட பேரை ஒட்டி டிஎன்எஸ்கிட்ட, அதாவது பேரைக் குடுத்தா ஐபி சொல்ற இன்டர்நெட் டைரக்டரிகிட்ட, ஒரு கேள்வி கேப்போம். அந்தப் பேர் இல்லன்னு பதில் வந்தா அந்த ஐபி லிஸ்ட்ல இல்ல. 127.0.0ன்னு ஆரம்பிக்கற பதில் வந்தா இருக்கு. கடைசி நம்பர் என்ன காரணம்னு சொல்லும். ஸ்பாம்ஹவுஸ் நடத்தற ஜென்ங்கற லிஸ்ட்ல 2 வந்தா அவங்க கைப்பட சேர்த்த ஸ்பாம் அட்ரஸ், 3 வந்தா சிஎஸ்எஸ்னு தானாவே சேர்ந்த ஸ்பாம் அட்ரஸ், 4 வந்தா வைரஸ் ஏறின மெஷின், 10ம் 11ம் வந்தா வீட்டு இன்டர்நெட் மாதிரி நேரடியா மெயில் அனுப்பவே கூடாத அட்ரஸ். இந்தக் கடைசி வகைல இருக்கறவங்க யாரும் எந்தத் தப்பும் பண்ணவங்க இல்ல, கோத்தகிரில வீட்டு ஃபைபர்ல உக்காந்து மெயில் அனுப்பற ஃபேக்டரி மேனேஜரோட ஐபியும் அதுல இருக்கலாம். அதனாலதான் நம்ம ஆளுங்க பாஸ்வேர்ட் போட்டு மெயில் அனுப்பற 587 போர்ட்ல பிளாக்லிஸ்ட்டை வைக்கவே கூடாது, வெளியாள் வர்ற 25ல மட்டும்தான் வைக்கணும். லாக் எண்ணும்போதும் இந்த ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கணும், கலந்தா கணக்கே கெட்டுப்போகும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நான் இந்த சர்வரைக் கையில வாங்கினப்ப அதுல போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சாஃப்ட்வேர் இருந்துச்சு, ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட்னு ஒரு வரிக்குக் கீழ ஒரு வரியா ஏழு லிஸ்ட் அடுக்கியிருந்துச்சு. லாக்ல எந்த லிஸ்ட்டால எத்தனை பிளாக் ஆச்சுன்னு எண்ணினா, முதல் லிஸ்ட்தான் கிட்டத்தட்ட எல்லாத்தையும் பிடிச்சிருக்கும், கடைசில இருக்கறதுக்கு கைல எண்ற அளவுதான் வரும். இதைப் பாத்துட்டு முதல் லிஸ்ட்தான் பெஸ்ட்டுன்னு முடிவு பண்றவங்க நிறைய பேர். அது முடிவே இல்ல. போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையா கேட்டுக்கிட்டே போகும், ஒரு லிஸ்ட்ல மாட்டினதும் அங்கயே நிறுத்திடும், அடுத்த லிஸ்ட்டைக் கேக்கவே கேக்காது. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற வண்டிய கல்லார்லயே மறிச்சுத் திருப்பிட்டா, அதுக்கு மேல இருக்கற பர்லியார்ல நிக்கறவர் நோட்டுல அந்த வண்டியே இருக்காது, அதுக்காக பர்லியார்காரர் வேலை செய்யலன்னு சொல்ல முடியுமா? வரிசைய மாத்திப் போட்டுப் பாருங்க, எண்ணிக்கையும் அப்படியே தலைகீழா மாறும். வரிசைய அளக்கறோம், லிஸ்ட்டை அளக்கல.

இதுக்கு மருந்து போஸ்ட்ஃபிக்ஸ்குள்ளயே இருக்கு, போஸ்ட்ஸ்க்ரீன்னு பேரு, 2011ல 2.8 வெர்ஷனோட வந்துச்சு. இது மெயில் சர்வருக்கு முன்னாடி நின்னு, வர்றவங்கள கொஞ்சம் காக்க வச்சு, அந்த நேரத்துல எல்லா லிஸ்ட்டையும் ஒரே சமயத்துல கேட்டுடும். சாதாரணமா ஆறு செகண்ட் காக்க வைக்கும். அந்த ஆறு செகண்ட்ல பொறுமை இல்லாம நம்ம வணக்கம் சொல்றதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிக்கற ஸ்பாம் மெஷின் நிறைய, அதையும் ப்ரீக்ரீட்னு தனியா லாக்ல எழுதும், அதுவே ஒரு நல்ல சாட்சி. நமக்கு இங்க வேண்டியது டிஎன்எஸ்பிலாக்ங்கற பேர்ல விழற வரிகள். தேதி, நேரம், அப்புறம் இன்ன ஐபி இன்ன லிஸ்ட்ல 127.0.0.4ன்னு இருக்குன்னு ஒரு வரி. அதே ஐபி நாலு லிஸ்ட்ல இருந்தா நாலுக்கும் வரி விழும், எந்த லிஸ்ட்டையும் கேக்காம விடாது. லிஸ்ட்டுக்கு நாம குடுத்த மார்க் எல்லாம் கூடி நாம வச்ச எல்லையத் தொட்டா, ரேங்க் இவ்வளவுன்னு இன்னொரு வரி. இந்த வரிகள் இருந்தாத்தான் ஒரு லிஸ்ட்டையும் இன்னொரு லிஸ்ட்டையும் பக்கத்துல வச்சு நியாயமா ஒப்பிட முடியும்.

எண்றதுக்கு முன்னாடி இன்னொரு பொறி இருக்கு. ஒரே ஐபிக்கு ஸ்பாம்ஹவுஸ் ஒரே கேள்வில ரெண்டு மூணு பதில் குடுக்கும், 4ம் 11ம் சேர்ந்து வர்றது தினமும் நடக்கறது, லாக்ல அது ரெண்டு வரியா விழும். வரிய எண்ணினா அந்த லிஸ்ட்டுக்கு மட்டும் மார்க் இரட்டிப்பா போயிடும். அதே மாதிரி ஒரே ஸ்பாம் மெஷின் ராத்திரி முழுக்க நூறு தடவை தட்டும், அதை நூறா எண்ணினா அந்த ஒரு மெஷினைத் தெரிஞ்சு வச்சிருந்த லிஸ்ட் பெரிய ஹீரோ மாதிரி தெரியும். நான் தேதி, ஐபி, லிஸ்ட் பேர் மூணையும் சேர்த்து ஒரு சாவியா வச்சு, ஒரு நாளைக்கு ஒரு ஐபிக்கு ஒரு லிஸ்ட்டுக்கு ஒரே ஒரு ஓட்டுன்னு வச்சுக்கறேன். ஆக் (awk) மாதிரி வரிகளைப் பிரிச்சு எண்ற கருவி தெரிஞ்சவங்களுக்கு இது நாலு வரி வேலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஐபியையும் எந்தெந்த லிஸ்ட் சொல்லுச்சுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதி, ஒரே ஒரு லிஸ்ட் மட்டும் சொன்ன ஐபிகள தனியா பிரிச்சேன். அங்கதான் உண்மை வெளிய வந்துச்சு. ஏழுல மூணு லிஸ்ட்டுக்குத் தனியா சொல்றதுக்குன்னு கிட்டத்தட்ட எதுவுமே இல்ல, அவங்க சொன்னதை எல்லாம் ஜென்னும் பாரகுடாங்கற இன்னொரு லிஸ்டும் சேர்ந்து ஏற்கனவே சொல்லியிருந்துச்சு. ஒரு லிஸ்ட் மட்டும் தனியா நிறைய சொல்லியிருந்துச்சு, அடடா பரவாயில்லயேன்னு பாத்தா, அது தனியா சொன்னதுல பாதிக்கு மேல நல்ல மெயில்!

நல்ல மெயில்னு எப்படிக் கண்டுபிடிச்சேங்கறதுதான் இந்தக் கட்டுரைல எனக்குப் பிடிச்ச பகுதி. ரிஜெக்ட் ஆன மெயில் நம்மகிட்ட இல்ல, உள்ள என்ன எழுதியிருந்ததுன்னு தெரியாது. ஆனா லாக்ல அனுப்பினவர் அட்ரஸ், யாருக்கு அனுப்பினார், அந்த சர்வர் தன்னை என்ன பேர்ல அறிமுகப்படுத்திக்கிச்சு, இதெல்லாம் இருக்கு. இன்னொரு பக்கம் நம்ம ஆளுங்க வெளிய அனுப்பின மெயிலோட லாக்கும் இருக்கு. நம்ம ஃபேக்டரில இருந்து போன மூணு மாசத்துல யாருக்கெல்லாம் மெயில் போச்சோ, அந்த டொமைன் எல்லாம் நமக்கு வேண்டியவங்க. ஜிமெயில் மாதிரி பொதுவானதை எடுத்துட்டு, அந்த வேண்டியவங்க பட்டியலையும் ரிஜெக்ட் ஆன அனுப்புநர் டொமைனையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா, ரெண்டுலயும் இருக்கறது எல்லாம் சந்தேகத்துக்குரிய ரிஜெக்ட். இதுலயும் அனுப்புநர் பேரைப் போலியா போட்டு வர்ற ஸ்பாம் கலந்திருக்கும்தான், ஆனா அந்த சர்வர் சொன்ன பேரையும் ஐபியையும் ஒரு தடவை கண்ணால பாத்தாலே எது போலின்னு தெரிஞ்சிடும், அந்தப் பட்டியல் ரொம்ப நீளமா இருக்காது.

இந்த வேலைய நான் ஆரம்பிச்சதே ஒரு ஃபோன்காலுக்கு அப்புறம்தான். ஒரு ஃபேக்டரி ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. "தம்பி, ஈரோட்டுக்காரர் வெள்ளிக்கிழமையே மெயில் போட்டுட்டாராம், திரும்பித் திரும்பி வருதுங்கறார், நமக்கு ஒண்ணுமே வரல, லோடு ரெடியா நிக்குது, என்னன்னு பாருங்க." "சரிங்கண்ணா, லைன்லயே இருங்க, இப்பவே பாக்கறேன்"னு லாக்ல அந்த டொமைனைத் தேடினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒண்ணு, சனிக்கிழமை காலைல ஒண்ணு, திங்கக்கிழமை ஒண்ணு, மூணும் ரிஜெக்ட், மூணும் ஒரே லிஸ்ட். அவர் வெப்சைட்டும் மெயிலும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவுன்னு குடுக்கற சின்ன ஹோஸ்டிங்ல இருக்கார், அங்க ஒரே ஐபில நூத்துக்கணக்கான பேர் இருப்பாங்க, அதுல யாரோ ஒருத்தர் வெப்சைட் ஹேக் ஆகி ஸ்பாம் போயிருக்கு, அந்த லிஸ்ட் ஐபிய மட்டும் இல்லாம அக்கம்பக்கத்து ஐபியையும் சேர்த்து உள்ள போட்டுடுச்சு. மத்த ஆறு லிஸ்ட்ல அந்த ஐபி இல்லவே இல்ல. அவருக்கு வந்த பவுன்ஸ்ல லிஸ்ட் பேரோட காரணம் எழுதித்தான் இருந்துச்சு, ஆனா டீ வாங்கி விக்கற மனுஷன் இங்கிலீஷ்ல வர்ற அந்த மெஷின் கடுதாசிய எதுக்குப் படிக்கப்போறார்? மெயில் போகல, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். தப்பே பண்ணாத ஆளோட கடுதாசிய வாசல்லயே கிழிச்சுப் போட்டிருக்கோம், அதை நம்மகிட்ட சொல்றதுக்கும் ஆள் இல்ல. இது எனக்கு ரொம்ப உறுத்துச்சு, இன்னமும் உறுத்துது.

அதனால ஒரே லிஸ்ட் சொன்னா போதும் தூக்கி எறின்னு வைக்கறதை நான் முழுசா எதிர்க்கறேன். போஸ்ட்ஸ்க்ரீன்ல ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் மார்க் போடலாம், இவ்வளவு மார்க் சேர்ந்தாத்தான் ரிஜெக்ட்னு ஒரு எல்லையும் வைக்கலாம். என்கிட்ட ஜென்னுக்கு மூணு, எல்லையும் மூணு, அதாவது அது ஒண்ணு சொன்னாலே போதும், லாக் பாத்து அந்த நம்பிக்கை வந்துச்சு. பாரகுடாவுக்கு ரெண்டு, ஸ்பாம்காப்ங்கற லிஸ்ட்டுக்கு ஒண்ணு, இவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனாத்தான் ரிஜெக்ட். டிஎன்எஸ்டபிள்யூஎல்னு நல்லவங்க பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுல இருக்கறவங்களுக்கு மைனஸ் மார்க். இந்த நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க லாக் வேற சொல்லலாம். எந்த ஊர்ல இருந்து, யாருக்கு மெயில் வருதுங்கறதைப் பொறுத்து இது நிறைய மாறும்.

புதுசா ஒரு லிஸ்ட்டைச் சேர்க்கணும்னா நேரா ரிஜெக்ட்ல போடாதீங்க. சர்வர்ல போஸ்ட்ஸ்க்ரீன் இப்பத்தான் வைக்கறீங்கன்னா, லிஸ்ட்ல மாட்டினவங்கள என்ன செய்யணும்னு சொல்ற டிஎன்எஸ்பிஎல் ஆக்‌ஷனை இக்னோர்லயே விடுங்க, அதுதான் அதோட பிறவிக் குணமும், எல்லாத்தையும் லாக்ல எழுதும், யாரையும் தடுக்காது. பழைய முறைல இருக்கறவங்க அந்த வரிக்கு முன்னாடி வார்ன் இஃப் ரிஜெக்ட்னு சேர்த்தா போதும், தடுத்திருப்பேன்னு மட்டும் எழுதிட்டு உள்ள விட்டுடும். தடுக்க ஆரம்பிக்கும்போது என்ஃபோர்ஸ்னு வைங்க, டிராப்னு வைக்காதீங்க. டிராப் வச்சா 521 சொல்லி உடனே லைனைத் துண்டிச்சிடும், சர்வருக்கு வேலை குறைச்சல்தான், ஆனா யார் யாருக்கு அனுப்பினாங்கங்கற விவரமே லாக்ல விழாது, அப்புறம் மேல சொன்ன வேண்டியவங்க கணக்கைப் போடவே முடியாது. முதல் ரெண்டு வாரம் சாஃப்ட் பவுன்ஸையும் ஆன் பண்ணி வைக்கலாம். வேண்டாம் போன்னு சொல்ற 550க்குப் பதிலா, அப்புறம் வான்னு சொல்ற 450 போகும், நல்ல சர்வரா இருந்தா மெயிலைத் தூக்கிப் போடாம கியூல வச்சு மறுபடி மறுபடி வரும், போஸ்ட்ஃபிக்ஸ்னா வழக்கமா அஞ்சு நாள் வரைக்கும் வச்சிருக்கும். அதுக்குள்ள நீங்க லாக் பாத்து ஐயோ இவரா, உள்ள விடுன்னு சொல்லிடலாம், அவருக்குக் கொஞ்சம் லேட்டா போய்ச் சேரும், அவ்வளவுதான். ஏலம் நடக்கற ரெண்டு நாள்ல மட்டும் இந்தப் பரிசோதனைய வைக்கறதில்லன்னு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கேன், அன்னிக்கு ஒரு மணி நேரம் லேட்டே பெரிய லேட்.

சிலர் கேக்கறாங்க, இவ்வளவு எதுக்கு, பழைய லாக்ல இருக்கற ஐபிய எடுத்து இன்னிக்கு புது லிஸ்ட்ல கேட்டுப் பாத்தா தெரிஞ்சிடாதான்னு. தெரியாது. ஸ்பாம் அனுப்பறவன் புது ஐபில ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல வேலைய முடிச்சிட்டுப் போயிடுவான், லிஸ்ட்காரங்க அதுக்கப்புறம்தான் சேர்ப்பாங்க. இன்னிக்குக் கேட்டா எல்லா லிஸ்டும் ஆமா எனக்குத் தெரியும்னு சொல்லும். அவன் நம்ம வாசல்ல நின்ன அந்த நிமிஷத்துல எந்த லிஸ்ட்டுக்குத் தெரிஞ்சிருந்துச்சுங்கறதுதான் கேள்வி, அதுக்கு அப்ப எழுதின லாக்கைத் தவிர வேற சாட்சி கிடையாது. இதனாலயே பழைய லாக்கைக் கழிச்சுக் கட்டற லாக்ரொட்டேட்ல நாலு வாரத்துல அழிஞ்சு போறதை மாத்தி கொஞ்சம் நீட்டி வச்சிருக்கேன். ரொம்ப நீட்டவும் இல்ல. யார் யாருக்கு எழுதினாங்கங்கறது அதுல அப்படியே இருக்கு, ஒரு ஸ்கூல் டீச்சர் யாருக்கு மெயில் போட்டாங்கங்கறது வருஷக்கணக்கா என் கைல இருக்க வேண்டிய விஷயமே இல்ல. எண்ணி முடிச்ச கணக்கை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிடறேன், அந்த லாக்கை வேற யாருக்கும் குடுக்கறதும் இல்ல.

லாக்ல எதுவுமே விழலன்னாலும் அதுவும் ஒரு சேதிதான். ஒரு லிஸ்ட் திடீர்னு பூஜ்யம் ஆச்சுன்னா ஸ்பாம் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் நம்ம கேள்வி போய்ச் சேரலன்னு அர்த்தம். கூகுளோட 8.8.8.8 மாதிரி பொது டிஎன்எஸ் வழியா கேட்டா ஸ்பாம்ஹவுஸ் பதில் சொல்லாது, 127.255.255.254ன்னு ஒரு எச்சரிக்கை நம்பரைத்தான் அனுப்பும். பதில் வந்தாலே லிஸ்ட்ல இருக்குன்னு எடுத்துக்கற மாதிரி சர்வரை வச்சிருந்தீங்கன்னா அந்த எச்சரிக்கையவே ஆமாம்னு நினைச்சுக்கிட்டு வர்ற மெயில் அத்தனையும் திருப்பி அனுப்பிடும். சர்வர்லயே அன்பவுண்ட்னு ஒரு டிஎன்எஸ் சாஃப்ட்வேர் போட்டு நேரா கேக்க வைங்க, அதோட லிஸ்ட் பேருக்குப் பின்னாடி 127.0.0.[2..11]ன்னு எந்தப் பதிலை மட்டும் ஏத்துக்கணும்னு எழுதி வைங்க. டிஎன்எஸ்பிலாக் எழுதற லுக்கப் எரர் வார்னிங்கையும் லிஸ்ட் வாரியா எண்ணுங்க, பதில் சொல்லத் திணறற லிஸ்ட் அதுல முதல்லயே தெரிஞ்சிடும்.

சாகற லிஸ்ட் இன்னும் மோசம். ஓஆர்டிபின்னு ஒரு லிஸ்ட்டை 2006 டிசம்பர்ல மூடினாங்க, அப்பவும் அதைக் கேக்கறதை நிறுத்தாத சர்வர் ஏகப்பட்டது, 2008 மார்ச்ல எதைக் கேட்டாலும் ஆமா இருக்குன்னு பதில் வர ஆரம்பிச்சதும் அந்த சர்வர்கள் எல்லா மெயிலையும் திருப்பி அனுப்பிச்சு. ஸ்பாம்காப் உயிரோட இருக்கற லிஸ்ட்தான், 2021 ஜனவரி கடைசில டொமைனைப் புதுப்பிக்காம விட்டு அதுவும் கொஞ்ச நேரம் உலகத்துல இருக்கற எல்லா ஐபியையும் ஸ்பாம்னு சொல்லுச்சு. சோர்ப்ஸ்ங்கற லிஸ்ட்டை 2024 ஜூன்ல மூடிட்டாங்க, இன்னமும் நெட்ல கிடைக்கற காப்பி பேஸ்ட் வரிசைல அது இருக்கு. நான் வாங்கின சர்வர்லயும் மூடிப்போன லிஸ்ட் ஒண்ணு இருந்துச்சு.

இதுக்கு ஒரு சுலபமான காவல் இருக்கு, 2010ல வந்த ஆர்எஃப்சி 5782ங்கற இன்டர்நெட் ஆவணத்துலயே எழுதியிருக்கு. எந்த ஒழுங்கான லிஸ்டும் 127.0.0.2 கேட்டா இருக்குன்னு சொல்லணும், 127.0.0.1 கேட்டா இல்லன்னு சொல்லணும். மணிக்கு ஒரு தடவை க்ரான்ல ஓடற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் என்கிட்ட இருக்கற எல்லா லிஸ்ட்டையும் இந்த ரெண்டு கேள்வியும் கேக்குது. முதல் கேள்விக்கு இல்லன்னு வந்தா லிஸ்ட் செத்திருக்கு இல்லன்னா நம்ம டிஎன்எஸ் கெட்டிருக்கு, எனக்கு ஃபோனுக்கு மெசேஜ் வரும், காலைல பாத்துக்கலாம். ரெண்டாவது கேள்விக்கு இருக்குன்னு வந்தா மட்டும் என்னைக் கேக்காம அந்த லிஸ்ட்டை கான்ஃபிக்ல இருந்து தூக்கிட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் பண்ணிட்டு அப்புறம்தான் எனக்குச் சொல்லும்.